வண்டி நின்றால் குறையும் குளிர்ச்சி

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது ஏசியிலிருந்து வெப்பக்காற்று வருவதும், வேகமெடுத்ததும் மீண்டும் குளிர்வதும் இந்தக் கோடையில் எங்கள் காருக்கு வழக்கமாகிவிட்டன. பலரும் ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் தீர்ந்திருக்கும் என்றார்கள். ஆனால் அது பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுழல்வது என்பதால், குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள், கசியும் இணைப்பில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் தெரியும்.

எங்கள் வண்டியில் பிசுக்கு இல்லை. ரேடியேட்டருக்கு முன்னிருந்து ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே, கிரானைட் லாரிகள் ஓடும் சாலையின் வெண்புழுதியும் பூச்சிகளின் இறகுகளும் அடைத்திருந்தன. அதற்குக் காற்று தரும் விசிறியும் தளர்ந்தே சுற்றியது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே வெப்பத்தை அகற்றிவிடும், நிற்கும்போதோ அந்த வேலை முழுவதும் விசிறியுடையது. தகடுகள் வளைந்துவிடாமல் மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவி, விசிறி மோட்டாரையும் மாற்றினோம். அம்மா இப்போது பின்னிருக்கையில் முந்தானையால் விசிறிக்கொள்வதில்லை.