அப்புச்சியின் கை

பேரனை என்னிடம் பரிசோதனைக்குத் தூக்கிவந்த அம்முச்சி, அதாவது தாயின் தாய், சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "அப்புச்சி மாதிரியே இவனும் நொட்டாங்கைக்காரனுங்க அம்மிணி. சோறு தின்னப் பழக்கும்போது கையை மாற்றிவிடலாமுங்களா?"

நானும் இடக்கைக்காரிதான், பள்ளியில் அதற்காக அடி வாங்கியவள். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. "மாற்றவே வேண்டாமுங்க. இடக்கை ஒரு குறையே இல்லை." சொன்னதில் பொய் கிடையாது. அந்தக் குழந்தைக்குத்தான் அது பொருந்தவில்லை.

பிறந்து ஏழு மாதம். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்ததால் எங்கள் கணக்கில் ஐந்து. அந்த வயதில் வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்று எதுவும் வந்திருக்காது. ஒரு வயதுக்குள் ஒரே கையை நாடினால் மற்ற கையைப் பாருங்கள் என்று பயிற்சி மாணவிகளுக்கு நானே சொல்வேன். பார்க்கவும் செய்தேன். முகத்தில் கைக்குட்டையைப் போட்டேன். இடக்கையால் இழுத்து எறிந்தான். இடக்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டேன். வலக்கை தோளோடு சற்று எழும்பி நின்றுவிட்டது. மூடிய விரல்களுக்குள் கட்டைவிரல். பிரித்துப் பார்த்தால், உள்ளங்கை மடிப்பில் பஞ்சும் அழுக்கும் திரியாக உருண்டிருந்தன, புளித்த பால் வாடையோடு.

கைக்குழந்தைகளின் நரம்பு இயக்கத்தைப் பார்க்கும் ஹேமர்ஸ்மித் பரிசோதனையில் 26 கூறுகள், மொத்தம் 78 மதிப்பெண். உடலின் ஒரு பக்க இயக்கம் மட்டும் பாதித்த குழந்தை அந்த மொத்தத்தில் ஓரளவு தேறிவிடும். அதனால் இட வல வேறுபாட்டைத் தனியே எண்ண வேண்டும். எண்ணினேன், எழுதினேன். வாயால் சொன்னதோ, "வலக்கை கொஞ்சம் இறுக்கம், மூன்று வாரத்தில் வாருங்கள்" என்பது மட்டும்.

வந்தது நான்கு மாதம் கழித்து. தாய்க்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. லீவு போட்டால் அன்றைய கூலி போயிற்று. "கொஞ்சம்" என்ற சொல்லுக்காக யார் கூலியை இழப்பார்கள்? ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு தாயிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவர் திரும்பி வரவே இல்லை. ஆகவே பதமாகச் சொன்னதில் தவறில்லை என்று சில நாள் சமாதானம் ஆகிறேன். பதமாகச் சொன்னேனா, என் இடக்கைக்கு வக்காலத்து வாங்கிய மகிழ்ச்சியில் கேள்வியை அங்கேயே முடித்துவிட்டேனா என்று மற்ற நாட்களில் தோன்றுகிறது.

இப்போது பயிற்சி நேரத்தில் அவன் இடக்கைக்கு மெல்லிய உறை மாட்டி, வலக்கைப் பக்கம் கிலுகிலுப்பையை வைக்கிறோம். உறையைப் பல்லால் கடித்து இழுக்கிறான். போன வாரம் அம்முச்சி கேட்டார்: "நொட்டாங்கை குறையில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் அம்மிணி? அப்புறம் ஏனுங்க அதைக் கட்டிவைக்கிறீர்கள்?"