எது நல்லது என்று கேட்பதற்கு முன்

"எந்தக் கருத்தடை முறை நல்லது, நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க." ஆலோசனைக்கு வரும் பெண்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். நான் உடனே எந்தப் பெயரும் சொல்வதில்லை. குழந்தை எப்போது வேண்டும், ஒரு வருடத்திலா, ஐந்து வருடம் கழித்தா, இனி வேண்டவே வேண்டாமா என்று கேட்பேன். அப்புறம், மாதவிடாயில் எந்த மாற்றத்தை உங்களால் தாங்க முடியும்?

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். கருப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனமான காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகமாக உள்ள பெண்ணிடம் அதைச் சொல்லாமல் போட்டுவிட்டால், இரண்டாவது மாதமே எடுத்துவிடுங்கள் என்று வந்து நிற்பாள், அதில் அவள் தப்பு எதுவுமே இல்லை. ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனத்தில் இது நேர் எதிர், போக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும். நின்றால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். தங்காது, கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கருத்தடை மாத்திரையைத் தினமும் தவறாமல் போட்டால் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். ஆனால் நிஜ வாழ்க்கையில் அது 7 பேர் வரை போகிறது, காரணம் பெரும்பாலும் மறதி. கைக்குழந்தையோடு ராத்திரி பகல் தெரியாமல் இருப்பவள் மறக்கத்தான் செய்வாள். அவளுக்கு 3 மாதத்துக்கு ஒரு ஊசியோ, கையில் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் குச்சியான இம்ப்ளான்ட்டோ சுலபம். ஊசியை நிறுத்திய பிறகு கரு தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு ஊசியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை என்றால் சிலவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்: உயர் ரத்த அழுத்தம், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பது, கண்ணில் மின்னல் தெரிந்து அப்புறம் வரும் ஒற்றைத் தலைவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பொதுவாக அந்த மாத்திரை வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலனே குறையும்.

பால்வினை நோயிலிருந்து காப்பது ஆணுறைதான், வேறு எது போட்டிருந்தாலும் சரி.

ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் புதியதை ஆரம்பிக்கும் முன் பழையதை நிறுத்திவிடாதீர்கள். அந்த இடைவெளியில் கரு தங்கி அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.