பழைய டெலிபோன் ஜோடியை ஈ1-இல் ஏற்றும்போது

கும்பகோணத்து லாட்ஜோ, மன்னார்குடி ரைஸ் மில்லோ, உள்ளே ஓடும் முப்பது ஜோடிக் கம்பியையும் பழைய போன்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்தை மட்டும் டிஜிட்டல் ட்ரங்குக்கு, அதாவது பல அழைப்புகளை ஒரே கேபிளில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோகும் லைனுக்கு, மாற்றலாம். அதற்கு நடுவில் ஒரு சேனல் பேங்க் வேண்டும். ஒவ்வொரு போனின் பேச்சையும் அது நொடிக்கு 8000 தடவை அளந்து, 8 பிட்டாக்கி, 64 கிலோபிட் ஓட்டமாக மாற்றும். அப்படி 32 இடங்கள் சேர்ந்த 2.048 மெகாபிட்தான் ஈ1. 30 இடம் பேச்சுக்கு, 0-ஆவது ஒத்திசைவுக்கு, 16-ஆவது சிக்னலிங்குக்கு, அதாவது அழைப்புச் சைகைகளுக்கு.

பலர் மாட்டிக்கொள்வது அந்த 16-இல்தான். ரிசீவரை எடுத்தது, வைத்தது என்பதைச் சாதாரண சேனல் பேங்க் சேனலுக்கு நாலு பிட் வீதம் அங்கே எழுதும், இது சிஏஎஸ். டெலிபோன் கம்பெனி தரும் பிஆர்ஐ என்ற ஐஎஸ்டிஎன் லைனோ அதே இடத்தில் எண், அழைப்பு, துண்டிப்பு எல்லாவற்றையும் செய்திகளாக அனுப்பும். இரண்டையும் நேராகச் செருகினால் பச்சை விளக்கு எரியும், ஒரு அழைப்பு கூடப் போகாது. இடையில் இரண்டு ஈ1 போர்ட் உள்ள இபிஏபிஎக்ஸோ (அலுவலகத்துச் சின்ன எக்ஸ்சேஞ்ச்), அதே வேலையைச் செய்யும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் சர்வரோ வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் அமெரிக்கப் பெட்டிகள் டி1-க்கானவை: 24 சேனல், மியூ-லா என்ற பேச்சுக் குறியீடு. நமக்கு வேண்டியது 30 சேனல், ஏ-லா.

சேனல் பேங்கில் சொருகும் கார்டு இரண்டு வகை. எஃப்எக்ஸ்எஸ் போனுக்கு 48 வோல்ட்டும் மணியும் கொடுக்கும். எஃப்எக்ஸ்ஓ எக்ஸ்சேஞ்சிலிருந்து அவற்றை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் லைனை எஃப்எக்ஸ்எஸ்ஸில் சொருகினால், மணி வோல்ட்டேஜ் வரும் நேரத்தில் கார்டு போய்விடலாம். எஃப்எக்ஸ்ஓவில் இன்னொரு தொல்லை: அந்தப் பக்கம் வைத்த பிறகும் லைன் பிடித்தபடியே கிடக்கும். பிஸி டோனைக் கேட்டுத் துண்டிக்கும் வசதியில் அமெரிக்க அளவு இருந்தால் இங்கே வேலைக்காகாது. நம் ஊர் அளவு 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி மௌனம்.

ஈ1 கேபிளில் ஆர்ஜே45-இன் 1, 2 ஒரு ஜோடி. 4, 5 மறு ஜோடி. குறுக்குக் கேபிள் வேண்டுமானால் 1-4, 2-5 என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் கிராஸ் கேபிள் இதற்கு ஆகாது. அதே 1-4, 2-5-ஐ ஒரே பிளக்குக்குள் சேர்த்தால், அனுப்பியது அப்படியே திரும்பி வரும் லூப் பிளக். சிவப்பு விளக்கு எரிந்தால் இதைச் சொருகிப் பாருங்கள். அணைந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. பிரேமிங்கில், அதாவது 32 இடங்களையும் ஒரு சுற்றாக அடுக்கும் முறையில், சிஆர்சி4 என்ற பிழைச் சோதனை இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கிளாக்கை எப்போதும் எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து எடுங்கள். பெட்டி சொந்தக் கடிகாரத்தில் ஓடி, அது பத்து லட்சத்துக்கு 50 தவறினாலும், 2.5 நொடிக்கு ஒருமுறை ஒரு பிரேம், அதாவது ஒரு சுற்று, நழுவும். பேச்சில் சின்ன ‘டிக்’தான் கேட்கும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். ஃபேக்ஸ் மட்டும் பாதியில் நிற்கும், பழி ஃபேக்ஸ் மெஷின்மேல் விழும்.

டிஜிட்டல் பக்கம் ஒரு நாள் வேலை. செம்புப் பக்கம்தான் ஆளைக் கொல்லும். சேர்ப்பதற்கு முன் ஜோடியின் கடைசியில் இரு கம்பியையும் ஒன்றாக முறுக்கி, இந்த முனையில் ஓம் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் கம்பிக்குப் போய்வர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 170 ஓம். முந்நூறு மீட்டரில் 50 வர வேண்டிய இடத்தில் 120 வந்தால் நடுவில் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய மூட்டு களிம்பு பூத்திருக்கிறது. ஈரத்தில் பாசிட்டிவ் கம்பிதான் முதலில் அரியும். வெட்டியெறிந்து ஜெல் அடைத்த கனெக்டர் போடுங்கள். பிறகு மெக்கர், அதாவது அதிக வோல்ட்டேஜ் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்; அதற்கு முன் போனையும் கார்டையும் இரு முனையிலும் கழற்றுங்கள். மறந்தால் அந்தக் கார்டு போனதுதான். கோடையில் நன்றாகக் காட்டும் ஜோடி ஐப்பசி அடைமழையில் ‘உம்ம்’ என்று இரையும்: ஒரு கம்பி மட்டும் மண்ணுக்குக் கசிந்து சமநிலை கெடுவதால், பக்கத்து மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேரும்; ஜோடிகள் வந்து சேரும் குரோன் பெட்டியின் கதவு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள்.

இடியின் மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்ப மூன்று கால் கேஸ் அரெஸ்டர் போடுவார்கள், எர்த் கம்பியை விட்டுவிடுவார்கள். அப்புறம் அது வெறும் அலங்காரம். எர்த்தை மழைக்காலத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும்; இடையில் டெல்டாவின் களிமண் காய்ந்து வெடித்து, மண்ணில் அடித்த எர்த் கம்பியை விட்டு விலகும். மே மாதத்தில் அளந்தும் 5 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். வராவிட்டால் முதல் கம்பியின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் இரண்டாவதை அடித்து இரண்டையும் சேருங்கள். கட்டடத்தின் கரண்ட் எர்த்தோடும் இணைத்தாக வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே எழும் வோல்ட்டேஜ் சேனல் பேங்க் வழியாகத்தான் பாயும்.