ஆடிக்காற்றும் ஒரு டஜன் அம்பும்: வில்வித்தை நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

வில்லுக்குப் புது லிம்ப் (மேலும் கீழும் வளையும் தகடுகள்) மாட்டிய பிறகு, நாணை முழுக்க இழுத்தால் விரலில் 38 பவுண்டு விசை நிற்கிறது. தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தாயிற்று. தோள் ஒத்துக்கொண்டது, 70 மீட்டருக்கு சைட் மார்க்கும் (குறிபார்க்கும் கருவியை நிறுத்தும் அளவும்) வசதியான இடத்துக்கு வந்துவிட்டது. அம்பு மட்டும் இன்னும் 32 பவுண்டு காலத்து அம்பு. நாணை விட்டுக் கிளம்பும்போதே வாலை ஆட்டிக்கொண்டு போகிறது. பின்னால் நிற்கிறவர்களுக்கே தெரிகிறது.

மில்லில் போனஸ் போட்டிருக்கிறார்கள். கிரவுண்டில் யாரைக் கேட்டாலும் கார்பன் ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் இருக்க மாட்டும் கம்பிகள்) செட் வாங்கச் சொல்கிறார்கள். லாங் ராட், இரண்டு சைடு ராட், வி-பார், நுனிக்கு எடைகள். மாட்டினால் வில்லுக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும், அது நிஜம்தான். பயிற்சி தரும் மாஸ்டரிடம் கேட்டேன். "வில்லு உன் கையிலயேதான் இருக்கும் கண்ணு. போய் பட்ரஸ்ல குத்தறது அம்புதானுங்களே" என்றார். பட்ரஸ் என்றால் இலக்கை ஒட்டி வைக்கும் பலகை. சின்னப் பிள்ளைகளிடம்கூட முக்கியமான விஷயம் பேசும்போது அவருக்கு 'ங்க' வந்துவிடும்.

எனக்கும் அதே எண்ணம்தான். முதலில் அம்பு. ஸ்டெபிலைசரை ஆகஸ்டில் பார்க்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "அக்கா, ஸ்பைன்னா என்னக்கா?" அம்பு எவ்வளவு வளையும் என்று சொல்லும் எண் அது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஷாஃப்டை (அம்பின் தண்டை) 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைத்து, நட்ட நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். 0.6 அங்குலம் தொய்ந்தால் 600. ஆகவே எண் ஏற ஏற அம்பு துவளும், இறங்க இறங்க விறைக்கும். கடையில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இது நிற்கிற அம்பின் கணக்கு. பறக்கிற அம்புக்கு இன்னும் மூன்று விஷயம் சேரும். நீளம் கூடினால் துவளும். முன்முனை பாயிண்ட் கனத்தால் துவளும். பவுண்டேஜ் (வில்லின் இழுவிசை) ஏறினாலும் துவளும். ரிகர்வில் (நுனி முன்னோக்கி வளைந்த வில்) நாணை விரலால் விடுகிறோம் என்பதால் நாண் நேராகப் போகாமல் விரலைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு நெளிவோடு கிளம்புகிறது. அந்த நெளிவில் அம்பு சரியான அளவு வளைந்தால்தான் ரைசரை (வில்லின் கைப்பிடிப் பகுதியை) உரசாமல் தாண்டிப் போகும். என் பழைய அம்பு அளவுக்கு மேல் வளைகிறது. என் சிக்கல் மொத்தமும் இதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

அளவெடுத்தோம். கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் டிக்கென்று விழும் தகடு) விழுகிற இடத்தில் அம்பில் மார்க்கரால் கோடு போட்டு, நாக் (அம்பின் வாலில் நாண் மாட்டும் பகுதி) பள்ளத்திலிருந்து மாஸ்டர் அளவு டேப் பிடித்தார். 28 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. களைத்த பிறகும் ஒருமுறை எடுக்கச் சொன்னார். காலையில் நெஞ்சு விரிந்து இழுக்கிற இழுப்பும் மதியம் இழுக்கிற இழுப்பும் ஒன்றாக இருப்பதில்லை. கிளிக்கர் இருப்பதே அதற்காகத்தான் என்றாலும், அதை மதியத்து உடம்பும் தாண்டக்கூடிய இடத்தில்தான் வைக்க வேண்டும்.

அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் என் அளவு 650-க்கும் 600-க்கும் எல்லையில் வருகிறது. எல்லையில் நின்றால் விறைப்பான பக்கம் போவதா, துவளும் பக்கம் போவதா? நான் துவளும் பக்கம். நீளமாக வாங்கி, முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விறைக்க வைக்கலாம். வெட்டிய அம்பை நீட்ட வழியில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஈஸ்டனின் ஏசிஇ அம்பா, எக்ஸ்10 அம்பா? இரண்டும் உள்ளே அலுமினியக் குழல், வெளியே கார்பன். இரண்டும் நடுவில் பருத்து இரு முனையிலும் ஒல்லியாகும் வடிவம். எக்ஸ்10 1996 அட்லாண்டா ஒலிம்பிக் சமயத்தில் வந்தது. அன்றிலிருந்து ஒலிம்பிக் ரிகர்வ் மேடையில் பெரும்பாலும் அதன் ராஜ்ஜியம்தான். ஏசிஇயை விட ஒல்லி, எடையும் கூட. ஒல்லியாக இருந்தால் காற்று தள்ளுவதற்குப் பரப்பு குறைவு. கனமாக இருந்தால் தள்ளினாலும் லேசில் நகராது. அந்தக் கனத்தால் வேகம் குறையும், சைட் கீழே இறங்கும். 30 பவுண்டில் இருக்கிறவர்களுக்கு 70 மீட்டரில் சைட் பட்டையே போதாமல் போய்விடும். அவர்களுக்கு லேசான அம்புதான் சரி, பணம் இருக்கிறது என்பதற்காக எக்ஸ்10 வாங்கக் கூடாது.

38 பவுண்டில் எனக்கு எக்ஸ்10 எட்டுகிறது. எங்கள் கிரவுண்டு இருப்பது பல்லடம் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலைகள் நட்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு நடுவில் நின்று அம்பு விடுகிறோம். சந்தேகமே இல்லை, எக்ஸ்10, 650. பாயிண்ட் எடை 120 கிரெய்ன். தேவைப்பட்டால் பின்பக்கம் உடைத்து 110, 100 என்று குறைத்துக்கொள்ளக்கூடிய வகை.

ஜூன் 29, ஞாயிறு

ஆர்டர் போட்டாயிற்று. வரும்வரை சில்லறைச் சாமான்களைப் பார்த்தேன்.

விரல் டேப் (நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல் பட்டை): புது கார்டோவன் தோல். குதிரைத் தோல், பழக நாளாகும், பழகிய பிறகு நாண் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்குகிறேன். ஒன்று தொலைந்தால் அடுத்தது அன்று காலைதான் உறையிலிருந்து வெளியே வந்தது என்றிருக்கக் கூடாது.

சைட் பழையதே. திருகு தளராமல் இருந்தால் போதும். திருகுத் தலையில் வெள்ளை பெயிண்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன், நகர்ந்தால் கண்ணிலேயே தெரியும். ரிகர்வில் சைட்டுக்கு லென்ஸ் கிடையாது, நாணில் பீப் (பார்க்கும் துளை) கிடையாது. எனவே சைட்டில் நிறையப் பணம் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிளஞ்சரை (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் முனையை) மட்டும் மாற்றிவிட்டேன். பழையதில் ஸ்பிரிங் ஒருநாள் போல ஒருநாள் இல்லை. புதியது ஷிபுயா டிஎக்ஸ். விலை தாங்கும், வேலை சுத்தம்.

ஜூலை 12, சனி

அம்பு வந்துவிட்டது! இன்று முழுக்க வீட்டுத் திண்ணையில்தான். அம்மா இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்தார், இரண்டும் ஆறிப்போனது.

முதலில் இரண்டு ஷாஃப்ட் மட்டும் வெட்டினோம், அதுவும் கணக்குக்கு ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு. தேய்த்து அறுக்கும் சக்கர ரம்பம்தான், ஆக்ஸா பிளேடு வைத்தால் கார்பன் நார் நாராகப் பிரியும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். பாயிண்டை ஒட்டும்போது சூட்டை பாயிண்டுக்குத்தான் காட்ட வேண்டும், ஷாஃப்டுக்கு இல்லை. பாயிண்டின் தண்டைச் சூடாக்கி, பசையைத் தடவி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, வழிந்த பசையைத் துடைத்தால் போதும். ஷாஃப்டில் தீ பட்டால் உள்ளே பிசின் கெட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

நாக் பொருத்தம் பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வில்லைப் படுக்கவாட்டில் பிடித்து, அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தானாக விழக் கூடாது. நாணை விரலால் லேசாகச் சுண்டினால் கழன்று விழ வேண்டும். என்னுடையது சுண்டியும் விழவில்லை. நாணின் நடுவில் சுற்றியிருந்த நூல் தடிமன் அதிகம். பிரித்து மெல்லிய நூலில் சுற்றியதும் சரியாகிவிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அம்பாக இருந்தாலும் நாக் இறுக்கமாக இருந்தால் மேலும் கீழுமாகத்தான் போய்க் குத்தும்.

ஜூலை 13, ஞாயிறு

பேர்ஷாஃப்ட் (இறகில்லா அம்பு) சோதனை. இறகு ஒட்டாத அம்பையும் பழைய இறகு அம்புகளையும் கலந்து விட்டுப் பார்ப்பது வீண் வேலை. அதனால் ஒரே நீளத்தில் வெட்டிய புது அம்புகளில் சிலவற்றுக்கு இறகு ஒட்டி, சிலவற்றை மொட்டையாக விட்டு, 30 மீட்டரில் விட்டேன்.

நான் வலது கைக்காரி. மொட்டை அம்பு கூட்டத்துக்கு வலப்பக்கம் குத்தினால் துவளுகிறது, இடப்பக்கம் குத்தினால் விறைக்கிறது. கூட்டத்துக்கு மேலே போனால் நாக் புள்ளி (நாணில் அம்பு மாட்டும் இடம்) தாழ்ந்திருக்கிறது, கீழே போனால் உயர்ந்திருக்கிறது. எதிர்பார்த்தது போலவே வலப்பக்கம், நல்ல தள்ளி. கால் அங்குலம் வெட்டினோம். நெருங்கியது. மறுபடி கால் அங்குலம். இன்னும் நெருங்கியது. கடைசியில் ஒரு கை அகலம் மட்டும் மிச்சம் இருந்தபோது மாஸ்டர் ரம்பத்தை அணைத்துவிட்டார். "மிச்சத்த பிளஞ்சர் பார்த்துக்கும்." ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கினேன். மொட்டை அம்பு கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதன்பிறகுதான் மீதி ஷாஃப்ட்களை அந்த நீளத்துக்கு வெட்டினோம். கிளிக்கர் ரைசரை விட்டுக் கொஞ்சம் முன்னால் வருகிறது, நீட்டிப்புத் தகடு ஒன்று மாட்டியாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இன்று கிரவுண்டில் ஸ்கோர் ஷீட், தொப்பி, ஒரு நாற்காலி எல்லாம் பறந்தது.

நாங்கள் வடக்குப் பார்த்து நின்று விடுகிறோம், காற்று மேற்கிலிருந்து. ஆக இடப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கிறது. 70 மீட்டரைக் கடக்க என் அம்புக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அந்த ஒரு நொடி முழுக்கக் காற்று தள்ளுகிறது. 122 சென்டிமீட்டர் இலக்குத் தாளில் ஒவ்வொரு வளையமும் 6.1 சென்டிமீட்டர் அகலம். பழைய பருமனான அம்பை வேண்டுமென்றே கொண்டுபோயிருந்தேன். ஒரே காற்றில் மாறி மாறி விட்டதில் பழையது சிவப்பில் வலப்பக்கம் போய் நிற்க, புதியது நடு மஞ்சளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. கண்முன்னே இரண்டு கூட்டம், நடுவில் வெற்றிடம். கொடுத்த பணத்துக்கு இந்தக் காட்சி போதும் எனக்கு.

ஸ்பின் விங் இறகுகளும் வேலை செய்கின்றன. சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக், இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுவது. அம்பைச் சுழற்றிவிட்டு நிலைநிறுத்தும். பட்ரஸில் ஆழமாகப் போனால் கிழியும், காருக்குள் வெயிலில் கிடந்தால் டேப் இளகும். கிழிந்தால் அங்கேயே மாற்றப் பையில் ஒரு கட்டு வைத்திருக்க வேண்டும்.

காற்று ஒரே சீராக இருந்தால் சைட்டைத் திருப்பலாம். எங்கள் காற்று விட்டு விட்டு வீசுவது. எனவே நான் சைட்டைத் தொடுவதில்லை, குறியை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

அத்தை பையன் ஃபோன் செய்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) கலப்பு அணிப் போட்டி சேர்த்துவிட்டார்கள், நீயும் மாறிவிடேன் என்கிறான். காம்பவுண்ட் அருமையான விளையாட்டு. 2023 பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமி பதினேழு வயதில் தங்கம் வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து வெண்கலம் வென்ற அணியில் இருந்தாரே, உடம்புக்கு ஏற்றபடி கருவியை அமைப்பது என்றால் அதுதான். ஆனால் அந்த உலகத்தின் சாமான்கள் வேறு. லென்ஸ் உண்டு, பீப் உண்டு, ரிலீஸ் (நாணை விடும் கருவி) உண்டு, தூரம் 50 மீட்டர். எனக்கு நாண் விரலை விட்டுப் போகிற அந்த உணர்வு வேண்டும். நான் ரிகர்விலேயே இருக்கிறேன் மாப்ளே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஸ்டெபிலைசர் முடிவு. கூடப் பயிற்சி செய்கிற தங்கச்சி தன் கார்பன் செட்டை ஒருநாள் இரவல் கொடுத்தாள். எடையைக் கையிலிருந்து தள்ளி வைப்பதால் வில் திடீரென்று திரும்பாது, குறி மெதுவாக மிதக்கும். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. காற்றில்லாத காலையில் குறி சிலை மாதிரி நின்றது. பதினோரு மணிக்குக் காற்று எழுந்ததும் தடித்த ராடுகளில் காற்று பிடித்து வில்லை அசைத்தது. அத்தனை முன்கனத்தை நாள் முழுக்கத் தாங்க என் தோள் இன்னும் தயாரில்லை. 72 அம்பு விட வேண்டிய சுற்றில் கடைசி இரண்டு டஜனில்தான் அது தெரியும். பழைய ஒல்லி லாங் ராடே இருக்கட்டும், நுனியில் ஒரு எடையைக் கழற்றிவிட்டு.

நாளையோடு கொரியாவின் கிம் ஊ-ஜினும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் மோதிய பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டி நடந்து ஒரு வருடம். சமநிலையை முறிக்க ஆளுக்கு ஓர் அம்பு விடும் ஷூட்-ஆஃபில் இருவருக்கும் 10. மையத்துக்கு நெருக்கம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள், வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு ஒல்லி அம்பின் பருமன். ஒரு நாக் இறுக்கம், ஓரம் கிழிந்த ஓர் இறகு, தோற்க அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்புகளுக்கு எண் போட்டு, எது எங்கே குத்துகிறது என்று குறித்து வந்தேன். ஏழாம் எண் எப்போதும் கூட்டத்தை விட்டு வலப்பக்கம். வாலிலுள்ள நாக் பகுதியைத் திருப்பிப் பார்த்தும் மாறவில்லை. அது பயிற்சிப் பெட்டிக்கு. நான்காம் எண்ணை வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டதில் மெல்லிய நறநறப்பு. நகத்தால் தடவினால் பாயிண்ட் பக்கம் ஒரு விரிசல் தட்டுப்பட்டது. இன்றே உடைத்துப் போட்டுவிட்டேன். கார்பன் அம்பு நாணில் வெடித்தால் சிராய் கைக்குள் போகும். பிள்ளைகளே, ஒவ்வொரு முறை பிடுங்கிய பிறகும் வளைத்துப் பாருங்கள்.

மாநிலப் போட்டிக்கு எட்டு அம்பு தேர்ந்தெடுத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே நிற இறகு, ஒரே நிற நாக், ஷாஃப்டில் என் முதலெழுத்து. விதிப்படி நடுவர் இதையெல்லாம் பார்ப்பார். உள்ளரங்கு 18 மீட்டருக்கு வேறு கணக்கு, கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்பதால் அங்கே 9.3 மில்லிமீட்டர் வரம்புக்குள் தடித்த அலுமினியம் எடுக்கலாம். அதை பொங்கலுக்கு அப்புறம் பார்ப்போம்.

ஸ்டெபிலைசருக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது. அதில் இரண்டாவது நாண் ஒன்று சொல்லியிருக்கிறேன், அதே இழை எண்ணிக்கை, அதே நடு நூல். புதன்கிழமை வரும். வந்ததும் மாட்டி, இழுபட்டு நிலைக்கும்வரை விட்டு, நாக் புள்ளி கட்டிவிட வேண்டும்.