38 குட்டிகளும் 6 தாய்களும்

முனைவர் பட்டம் பெற்றபின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, செல்லுக்குள் புரதம் உருவாகும் விதத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அந்த அறிவை நம்பியே, அறிவு வளர்ச்சியையும் நடத்தையையும் பாதிக்கும் மரபுவழிக் குறைபாடான ஃப்ராஜைல் எக்ஸ் நோய்க்குறியை என்னிடம் ஒப்படைத்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் பெரும்பாலோரிடம் 45 முறைக்கும் குறைவாகவே அடுத்தடுத்து வரும். அது 200-ஐத் தாண்டும்போது மரபணு செயலிழந்துவிடுவதால், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இடங்களான சினாப்ஸ்களின் அருகே பிற புரதங்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் புரதம் உருவாகாமல் போகிறது. 1991-இல் இந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். 1994-இல் அது நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள்.

தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சுண்டெலிக் குட்டி, மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் குரல் எழுப்பித் தாயை அழைக்கும். அந்தக் குரல்களைப் பதிவு செய்து எண்ணுவதுதான் என் முதல் பணி. எந்தக் குட்டி எந்த வகை என்பதை மறைத்து வைத்தே எண்ணினேன் என்பதால், என் விருப்பம் முடிவில் கலந்திருக்காது என்று உறுதியாக நம்பினேன். 38 குட்டிகளைப் பதிவு செய்து முடித்தபோது, மரபணு நீக்கப்பட்டவை தெளிவாகக் குறைவாகவே குரல் கொடுத்திருந்தன. ஆய்வகக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டியபோது என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை தாய்கள்?"

6 தாய்கள். மரபணு நீக்கப்பட்டவை 3, சாதாரணமானவை 3. ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒரே கருப்பையையும் ஒரே கூட்டையும் ஒரே தாயின் கவனிப்பையும் பகிர்ந்துகொள்பவை. ஒரு தாய் கூட்டைச் சரியாகக் கட்டாமல் குட்டிகளைக் குளிரில் விட்டாலே அந்த ஈற்று முழுவதன் குரலும் மாறிவிடும். 38 தனித்தனிச் சான்றுகள் என்று நான் நினைத்திருந்தவை உண்மையில் ஏறத்தாழ ஆறுதான். எண்ணியதில் பிழையில்லை; எதை ஒன்றாக எண்ணுவது என்பதில்தான் பிழை. மரபணு மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் தாய்களைச் சாதாரண ஆண்களுடன் சேர்த்தால், ஒரே ஈற்றிலேயே இரு வகை ஆண் குட்டிகளும் பிறக்கும். அப்படி மீண்டும் தொடங்கிய சோதனை எட்டு மாதங்களை எடுத்துக்கொண்டது. முதலில் கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்தது. அந்த எட்டு மாதங்களைத்தான் என் பயிற்சியின் உண்மையான தொடக்கமாகக் கருதுகிறேன்.

வாரத்தில் ஒரு நாள் குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டு மருத்துவமனையில் உடனிருக்க வேண்டும் என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. அங்கே ஒரு தாய், தன் மகனின் நடத்தை பற்றிய நீண்ட வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு, "நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினான், டாக்டர். அதனாலோ என்னவோ இன்றைக்கு எல்லாவற்றுக்கும் குறைவாகவே போடத் தோன்றுகிறது" என்றார். நான் மருத்துவர் அல்ல என்பதைச் சொல்லிவிட்டு, தோன்றுவதையே எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னதே மனத்தில் இருந்தது. நரம்புச் செல்கள் சமிக்ஞைகளைப் பெற உதவும் எம்குளூஆர்5 என்ற ஏற்பிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், ஃப்ராஜைல் எக்ஸ் சுண்டெலிகளில் பல குறைகளைச் சீராக்கியிருந்தன. ஆயினும் பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளில் ஒப்பிடுவதற்காகத் தரப்படும், மருந்துச் சத்தில்லாத போலி மருந்தை அவை விஞ்சவில்லை. 2014-இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்த நோய்க்கான தன் திட்டத்தைக் கைவிட்டது. சுண்டெலி மனிதர் அல்ல என்பதும், மருந்து தொடங்கிய வயது பிந்திவிட்டிருக்கலாம் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் விளக்கங்கள். ஆனால் அச்சோதனைகளின் முக்கிய அளவுகோல் பராமரிப்பவர்கள் நிரப்பும் இத்தகைய வினாத்தாள்தான். நம்பிக்கையோடு காத்திருக்கும் ஒருவரின் தூக்கமும் சோர்வும் ஆசையும் அந்த எண்களுக்குள் வந்துவிடுகின்றன; அது அவர் குற்றமில்லை. குட்டியின் குரலில் தாயின் கூடு கலந்திருப்பதைக் காணத் தவறிய நான், குழந்தையின் மதிப்பெண்ணில் தாயின் இரவு கலந்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த வாரம் என் தரவுத்தாளை மாற்றி அமைத்தேன். முதல் நெடுவரிசையில் குட்டியின் எண்ணுக்குப் பதிலாகத் தாயின் எண் ஏறியது.