முழங்காலடி நோவும் முதல் எக்ஸ்ரேயும்

பந்து பட்டது, சைக்கிளால விழுந்தது என்றுதான் முழங்காலடி நோவோடு வரும் பதின்ம வயதுப் பிள்ளையின் கதை தொடங்கும். விழுந்ததால் எலும்பில் புற்றுநோய் வருவதில்லை. உள்ளே ஏற்கனவே இருந்ததை அந்த அடி காட்டிக்கொடுக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த இடத்தில்தான் எண்ணெய் போட்டு உருவுவதும் பத்துப் போட்டுக் கட்டுவதும் நடக்கும். வீக்கம் இருக்கிற காலை எக்ஸ்ரே பார்க்காமல் உருவவே கூடாது.

ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் 10 முதல் 20 வயதுக்குள் கூடுதலாக வரும், அதுவும் எலும்பு வேகமாக வளரும் முனைகளில்: தொடையெலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை, பிறகு தோளடி. வளர்கிற வயதில் வரும் சாதாரண கால்நோவு இரண்டு காலிலும் வந்து விடிய மறைந்துவிடும். ஒரே காலில், ஒரே இடத்தில், இரவில் நித்திரையைக் குழப்பும் நோவு இரண்டு மூன்று கிழமை நின்றால் எக்ஸ்ரே வேண்டும். முன்பக்கமும் பக்கவாட்டும், மூட்டும் சேர்ந்து விழும்படி. முழங்கால் படம் சுத்தமாக இருந்தால் இடுப்பையும் பாருங்கள். இடுப்பு நோவு முழங்காலில் தெரிவது உண்டு.

யூவிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோய் ஏமாற்றும். எலும்பின் நடுப்பகுதியிலோ இடுப்பெலும்பிலோ வரும். காய்ச்சலும் இருக்கலாம், ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ஏறியிருக்கலாம். எலும்பில் சீழ் என்று கீறினால் சீழ்போலவே ஏதோ வரும். அதைக் கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அனுப்பி அன்டிபயோடிக் தொடங்குவது பிழை. ஒரு பகுதி கட்டாயம் பயொப்சிக்கும் (புற்றுநோயா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கும்) போக வேண்டும்.

40 வயதைத் தாண்டியவரின் எலும்பில் ஓட்டை தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயை: மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட், தைரொய்ட், சிறுநீரகம். எலும்பு மச்சையில் வரும் புற்றுநோயான மைலோமாவையும் நினைக்க வேண்டும். லேசாகத் தடக்கியதற்கே எலும்பு முறிந்தவருக்கு உடனே உள்ளே கம்பி போட்டுவிடக் கூடாது. அது எலும்புப் புற்றுநோயாக இருந்தால் கம்பி அதை எலும்பின் முழு நீளத்துக்கும் கொண்டுபோய்விடும்.

தசை போன்ற மென்மையான திசுக்களிலும் சார்கோமா வரும். அது பெரும்பாலும் நோகாது, அதனால்தான் கண்டுபிடிக்கப் பிந்துகிறது. தொடைதான் அதிகம் வரும் இடம். 5 சென்டிமீற்றருக்கு மேல், தசைக்கு உள்ளே ஆழமாக, வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டியை கொழுப்புக்கட்டி என்று மரக்கப்பண்ணி வெட்டி எடுப்பது பெரிய கேடு. மிச்சம் உள்ளே நிற்கும், இரத்தத்தோடு சுற்றிலும் பரவும், அடுத்த சத்திரசிகிச்சை இன்னும் பெரிதாகும். எம்ஆர்ஐ முதலில், பயொப்சி பிறகு. மாறிச் செய்தால் ஊசியின் இரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். பயொப்சிக்குத் தடித்த ஊசி போதும். ஊசி போகும் பாதையைக் கடைசியில் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும், அதனால் கட்டியை எடுக்கப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டே இடத்தைக் குறியுங்கள். கீற நேர்ந்தால் காலின் நீளவாக்கில். குறுக்கே கீறிய ஒரு கீறலே காலைக் காப்பாற்ற முடியாமல் ஆக்கிவிடலாம். துண்டை 10 வீத போர்மலினில், அதன் அளவைப்போல பத்து மடங்கு திரவத்தில் போடுங்கள். சேலைனில் ஊறவிட்ட துண்டு கெட்டுப்போகும்.

நெஞ்சு சிடி ஸ்கானை மறக்க வேண்டாம். சார்கோமா முதலில் ஓடும் இடம் நுரையீரல்.

காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கை விட்டுப் போகும் குடும்பங்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: ஒஸ்டியோசார்கோமாவுக்கு சுமார் 10 கிழமை புற்றுநோய் மருந்து (கீமோதெரபி) ஏற்றி, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு மீண்டும் மருந்து. நேரத்துக்கு வந்தால் பெரும்பாலானோருக்குக் காலை வைத்தே கட்டியை எடுக்கலாம். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பும்போது எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களோடு பயொப்சித் துண்டு பதித்த மெழுகுக் கட்டையையும் அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போனால் அங்கே திரும்பவும் ஊசி குத்த நேரிடும்.