டல்லாஸ்ல ஆலங்கட்டி மழைக்கு அப்புறம் ஷிங்கிள் ரூஃப் மாத்தின அனுபவம்

டல்லாஸ் ஏரியால வீடு வாங்கினா ரூஃப் கிளெய்ம்னு (அடிபட்ட கூரைக்கு இன்ஷூரன்ஸ்ல பணம் கேக்கிறது) ஒண்ணு என்னிக்காவது வந்தே தீரும். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல, வசந்த காலம் வந்தாலே ஆலங்கட்டி மழை பயம்தான். எங்க வீட்டுக்கு இந்தத் தடவை வந்துச்சு. மொட்டை மாடி பாத்து வளர்ந்த நமக்கு இந்த ஷிங்கிள் (ஓடு மாதிரி அடுக்கி ஆணி அடிக்கிற அஸ்ஃபால்ட், அதாவது தார், தகடு) சமாச்சாரம் சுத்தமா தெரியாது, கேட்டவங்க எல்லாம் "ரூஃபர் பாத்துப்பான் விடுங்க"ன்னு சொல்லிட்டாங்க, அதனால நடந்ததை ஒழுங்கா எழுதி வைக்கிறேன்.

மழை பெஞ்ச மறுநாளே கதவைத் தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. டி-ஷர்ட், டேப்லெட், டிரோனோட வர்றான், ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன்ங்கிறான், கையோட ஒரு பேப்பர்ல சைன் கேக்கிறான். அந்தப் பேப்பர்தான் கான்ட்ராக்ட். இன்ஷூரன்ஸ் அப்ரூவ் பண்ணிட்டா வேலையை அவனுக்குத்தான் குடுக்கணும்னு உள்ள எழுதியிருக்கும். டெக்ஸாஸ்ல ரூஃபிங் பண்ண ஸ்டேட் லைசென்ஸே கிடையாது, டிரக்கும் ஏணியும் இருந்தா யாரு வேணா ரூஃபர்தான், அதனால நான் எதுலயும் சைன் போடாம முதல்ல இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் ஓபன் பண்ணினேன், அப்புறம் தெருவுல ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி மாத்தினவங்க கிட்ட கேட்டு, இதே ஊர்ல ஆபீஸ் வச்சிருக்கிற ஒருத்தரைப் புடிச்சேன். அவர் கிட்ட லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன், அவரும் முகம் சுளிக்கல.

வந்தவங்கள்ல ஒருத்தன் "டிடக்டிபிள் நீங்க கட்ட வேணாம் சார், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்"னான். டிடக்டிபிள்னா கிளெய்ம்ல நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய பங்கு. கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா 2019 செப்டம்பர்ல இருந்து டெக்ஸாஸ்ல அது சட்டப்படி குத்தம். டிடக்டிபிள் கட்டினதுக்கு ப்ரூஃப் குடுக்கிற வரைக்கும் இன்ஷூரன்ஸ் மிச்சப் பணத்தை நிறுத்தி வைக்கலாம். இன்னொண்ணு, ரூஃப் போடுற கான்ட்ராக்டரே உங்க சார்பா கிளெய்மைப் பேரம் பேசுறதும் கூடாது, அதை எதிர்த்து ஒரு ரூஃபிங் கம்பெனி போட்ட கேஸை 2024 ஜூன்ல டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் தள்ளிருச்சு. அதனால "எல்லாத்தையும் நாங்களே பேசி வாங்கித் தர்றோம்"னு சொல்றவனைப் பாத்தா கதவைச் சாத்திருங்க.

இன்ஷூரன்ஸ் அனுப்பின அட்ஜஸ்டர் (சேதத்தைக் கணக்குப் போடுறவர்) வந்தார். ஏணி போட்டு மேல ஏறி, ஒவ்வொரு சரிவுலயும் பத்துக்குப் பத்து அடி சதுரம் சாக்பீஸ்ல வரைஞ்சு, அதுக்குள்ள எத்தனை இடத்துல ஆலங்கட்டி அடிச்சிருக்குன்னு வட்டம் போட்டு எண்றாரு. அடிபட்ட இடம் தூரத்துல இருந்து தெரியாது. கிட்டப் போய்ப் பாத்தா மேல ஒட்டியிருக்கிற கிராண்யூல்ஸ் (பொடிக் கல் துகள்) உதிர்ந்து கறுப்பா ஒரு திட்டு, கட்டைவிரலால அமுக்கினா அடிபட்ட மாம்பழம் மாதிரி மெத்துன்னு இருக்கு. கிராண்யூல்ஸ் போயிட்டா உள்ள இருக்கிற அஸ்ஃபால்ட் நேரா வெயில்ல காய்ஞ்சு வெடிக்கும், உடனே ஒழுகாது, ஆனா ஆயுசு குறைஞ்சிரும். ஷிங்கிள்ல தெரியலைன்னாலும் கட்டர் (கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற காவா), ஏசி ஃபின், மேல இருக்கிற அலுமினிய வென்ட்ல எல்லாம் பள்ளம் இருக்கும், அதை எல்லாம் முன்னாடியே தேதியோட போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அது உதவிச்சு.

இப்ப பணக் கணக்கு, இங்கதான் நெறைய பேரு குழம்புறாங்க. காத்து, ஆலங்கட்டிக்குன்னு டிடக்டிபிள் தனியா, அதுவும் வீட்டோட கவரேஜ்ல ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம்னு இருக்கும். நாலு லட்சம் டாலர் கவரேஜ்னா ரெண்டு சதவீதம் எட்டாயிரம். ரூஃப் மாத்த மொத்தம் 22,000 ஆகும்னு எஸ்டிமேட், பழைய ரூஃபோட தேய்மானம் 7,000ன்னு வச்சுக்கோங்க, முதல் செக் வெறும் 7,000தான் வரும், "என்னடா இவ்ளோதானா"ன்னு பதறாதீங்க. வேலை முடிஞ்சு இன்வாய்ஸ் அனுப்பினப்புறம் அந்தத் தேய்மான 7,000 ரெண்டாவது செக்கா வரும், மிச்ச எட்டாயிரம் நம்ம பாக்கெட். இது ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் (புதுசா மாத்துற செலவு) பாலிசிக்குத்தான், ஆக்சுவல் கேஷ் வேல்யூன்னு (தேய்மானம் கழிச்ச மதிப்பு) இருந்தா அந்த ரெண்டாவது செக்கே வராது, மழைக்கு முன்னாடியே பாலிசியை எடுத்துப் பாத்துருங்க. செக்ல மார்ட்கேஜ் கம்பெனி பேரும் சேர்ந்து வரும், அவங்க கையெழுத்து வாங்க அனுப்பி, திரும்பி வந்து, பேங்க்ல போட்டு... ரூஃப் போட ஆன நேரத்தை விட இதுக்குத்தான் பல மடங்கு ஆச்சு. முதல் எஸ்டிமேட்ல டிரிப் எட்ஜும் (கூரை விளிம்புத் தகரம்) ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப்பும் (விளிம்புல முதல் வரிசைக்கு அடில போடுற பட்டை) விட்டுப் போயிருந்துச்சு, ரூஃபர் குடுத்த மெஷர்மென்ட்டையும் போட்டோவையும் நானே அனுப்பிக் கேட்டேன், சேர்த்துட்டாங்க.

ஷிங்கிள் என்ன போடுறதுன்னு வீட்டுல ஒரு சண்டையே நடந்துச்சு. நான் கிளாஸ் 4 போடலாம்னேன், கையில இருந்து கூடக் குடுக்கணும்னு வீட்டம்மாக்கு மனசில்ல. கிளாஸ் 4ன்னா ரெண்டு இன்ச் ஸ்டீல் குண்டை இருபது அடி உயரத்துல இருந்து ஒரே இடத்துல ரெண்டு தடவை போட்டும் ஷிங்கிள் கிழியாம வெடிக்காம இருக்கணும், அதுதான் டெஸ்ட். அதுக்காக ஆலங்கட்டிக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு நினைக்காதீங்க, கிராண்யூல்ஸ் உதிரத்தான் செய்யும். ஆனா டெக்ஸாஸ்ல இதுக்குப் பிரீமியத்துல டிஸ்கவுன்ட் இருக்கு, ஏஜென்ட் கிட்ட எவ்ளோன்னு எழுத்துல வாங்கிக் காட்டினப்புறம்தான் வீட்டுல ஓகே ஆச்சு. கலருக்கு எச்ஓஏ (குடியிருப்போர் சங்கம்) அப்ரூவல், அது ஒரு ஃபார்ம், அவ்ளோதான்.

வேலை ஒரே நாள். காலைல ஏழு மணிக்கு க்ரூ வந்துச்சு, எல்லாரும் ஸ்பானிஷ் பேசுற பசங்க, ஒருத்தருக்கு மட்டும் இங்கிலீஷ் வரும், அவரை ஃப்ரெண்ட் புடிச்சுக்கோங்க. காரை முந்தின நாளே தெருவுல போட்டுருங்க, அட்டிக்ல இருக்கிற கொலு பொம்மைப் பெட்டி, சூட்கேஸ் எல்லாத்தையும் பெட்ஷீட் போட்டு மூடிருங்க, தூசி அப்படி விழும். சத்தம் தாங்காது, வீட்ல இருந்து மீட்டிங் எல்லாம் மறந்துருங்க, ஆனா வீட்ல ஒரு ஆள் இருக்கணும். பழசைப் பேத்தெடுத்தப்புறம் அடில இருக்கிற பலகை தெரியும் பாருங்க, அப்ப போய்ப் பாக்கணும். எங்களுக்குச் சிம்னி ஓரம் ரெண்டு ஷீட் அழுகியிருந்துச்சு. ஒரு ஷீட்டுக்கு இவ்ளோன்னு கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கியிருந்ததால அங்க நின்னு பேரம் பேச வேண்டியதில்ல.

நான் முக்கியமா பாத்தது ஆணி. ஷிங்கிள் மேல நெயில் லைன்னு ஒரு கோடு இருக்கும், அதுலதான் அடிக்கணும், மேல தள்ளி அடிச்சா அடில இருக்கிற லேயரைப் புடிக்காது, காத்துல வழுக்கிக்கிட்டு வரும். கன் பிரஷர் ஜாஸ்தியா வச்சா ஆணித் தலை ஷிங்கிளையே அறுத்துக்கிட்டு உள்ள போயிரும். சாதாரணமா ஒரு ஷிங்கிளுக்கு நாலு ஆணி, காத்து அதிகமா இருக்கிற ஏரியான்னா ஆறு, நான் ஆறுன்னு எழுதி வாங்கினேன். அப்புறம் சிம்னி, சுவர் ஓரத்துல வர்ற ஸ்டெப் ஃப்ளாஷிங் (தண்ணி உள்ள இறங்காம படிப்படியா வைக்கிற தகரம்). பழைய தகரத்தையே விட்டுட்டு மேல கோக் (இடுக்கை அடைக்கிற பசை) பூசிட்டுப் போற பழக்கம் இங்க நெறைய உண்டு, ஒழுகுறது முக்கால்வாசி அந்த மாதிரி இடத்துலதான், நடு ரூஃப்ல இல்ல. ரிட்ஜ் வென்ட் (கூரை உச்சி நெடுக வர்ற காத்துப் போக்கி) போட்டீங்கன்னா பழைய சுத்துற டர்பைன் வென்ட்டை எடுத்து ஓட்டையை மூடச் சொல்லுங்க, ரெண்டும் இருந்தா காத்து கீழ சாஃபிட்ல (கூரை விளிம்போட அடிப்பக்கம்) இருந்து வராம மேலயே சுத்திக்கிட்டு இருக்கும். சாயங்காலம் காந்தம் வச்ச வண்டியைப் புல்லுல உருட்டினாங்க, நான் இன்னொரு தடவை டிரைவ்வேல உருட்டச் சொன்னேன், ஒரு கைப்பிடி ஆணி வந்துச்சு.

இப்ப பராமரிப்பு பெருசா ஒண்ணுமில்ல. புதுசுல கட்டர்ல கிராண்யூல்ஸ் வந்து சேரும், அது ஒட்டாம இருந்த உபரி, பயப்பட வேணாம். பிரஷர் வாஷர் மட்டும் மேல காட்டிராதீங்க. மரக்கிளை உரசாம வெட்டி விடுறது, கட்டர்ல இலை அடைக்காம பாக்குறது, பெரிய மழைக்கு அப்புறம் கீழ நின்னு பைனாகுலர்ல ஒரு நோட்டம், அவ்ளோதான் பண்றேன். கூரைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பைப்பைச் சுத்தி வர்ற ரப்பர் பூட் (உறை) ஷிங்கிளுக்கு ரொம்ப முன்னாடியே வெயில்ல வெடிச்சிரும், நான் அதுக்குப் பதிலா ஈய பூட் போடச் சொன்னேன், அதை அணில் கடிக்கும்ங்கிறாங்க, பாப்போம்.